லியோனலின் மேல் பொத்தான்

நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுத வேண்டும் என்று கிளாரிசாவின் தலையில் எழுதியிருந்தது. அதுவும் ஒரே பரீட்சையை இரண்டு தடவை.

சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். அந்த வேலை முழுவதையும் கணினி எடுத்துக்கொண்டது. பிறகு அதே விமான நிலையத்தில், பயணிகள் ஓய்வறையில், சாப்பிட்ட தட்டுகளை எடுக்கும் வேலை கிடைத்தது. காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணி வரை நிற்க வேண்டும், நடக்க வேண்டும், குனிய வேண்டும். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். ஒரே வருடத்தில் இரண்டு முழங்காலும் ‘எங்களை விட்டுவிடு’ என்று கெஞ்ச ஆரம்பித்தன.

அழகுக்கலை படிக்க வந்ததற்கு அழகின் மேலிருந்த ஆசை காரணமில்லை. ஃபேஷியல் செய்கிறவளுக்கு ஒரு ஸ்டூல் உண்டு. படுத்திருப்பவரின் தலைமாட்டில் அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடியேதான் முக்கால்வாசி வேலையும். அதைப் பார்த்த அன்றே அவள் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். பஃபலோ ரோட்டுப் பக்கம் பார்லர் வைத்திருக்கும் லீலாவும், “சர்டிபிகேட்டோட வாங்கக்கா, ஜூலை வரைக்கும் எடத்த வச்சிருக்கேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஜூலை தாண்டினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வாள். லீலாவைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் கடை ஓட வேண்டும்.

வகுப்பு சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே, மாலை ஆறு மணிக்கு. மசாலா வாசனையும் முகப்பூச்சு வாசனையும் சேர்ந்து மாடிப்படியிலேயே மூக்கில் ஏறும். பாடம் சொல்லித்தந்த திவ்யதர்ஷினிக்கு இருபத்தாறு வயது. கிளாரிசா அவளை “மிஸ்” என்பாள், அவள் கிளாரிசாவை “அக்கா” என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

மற்ற பாடங்களெல்லாம் கையால் செய்வது, எப்படியோ வந்துவிட்டது. தோலைப் பார்த்து அடையாளம் காணும் பாடம்தான் உயிரை எடுத்தது. முகப்பரு எத்தனை வகை, எதைத் தொடலாம், எதைத் தொட்டால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும், எதைப் பார்த்தால் உடனே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ‘டாக்டரிடம் போங்கள்’ என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். அவளுக்குத் தெரிந்தவை அம்மா வாயிலிருந்து கேட்ட பெயர்கள்: மங்கு, தேமல், படர்தாமரை, கரப்பான், அக்கி, வேர்க்குரு, சேற்றுப்புண். நோட்டின் இடது பக்கம் புத்தகப் பெயர், வலது பக்கம் அம்மா சொன்ன பெயர் என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புத்தகத்திலிருந்த படங்கள் எல்லாமே வெள்ளைத் தோல். ‘சிவந்து காணப்படும்’ என்று போட்டிருக்கும், படத்திலும் சிவப்பாகவே இருக்கும்.

“மிஸ், நம்ம தோல்ல இது எங்க செவக்குது? கத்திரிக்காய் கலர்லதான தெரியும்?” என்று அவள் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“ஆமாக்கா, புக் அப்படித்தான் இருக்கு. நீங்கதான் ஆளுங்களப் பாத்துப் பழகிக்கணும்” என்றாள் திவ்யதர்ஷினி.

சரி என்று அவளும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து சாங்கியில் ரயில் ஏறி, எக்ஸ்போவில் மாறி, லிட்டில் இந்தியா வந்து சேரும்வரை எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் அவளுடைய பாடப்புத்தகம். கட்டுமான வேலைக்கார இளைஞன் ஒருவனின் முழங்கையில் வட்டமாகப் படர்தாமரை. அலுவலகப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் மங்கு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இவள் அவருடைய மூக்கில் ஓடிய மெல்லிய நரம்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ரயிலில் ஒரு சீனத்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். களைத்துப்போன கண், எதன்மேல் விழுந்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அவள் என்ன செய்வாள்.

முதல் தடவை தோற்றது இந்தப் பாடத்தில்தான். தோற்ற கதையைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் கிளாரிசாவுக்கு இன்றுவரை வரவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஆளை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். கிளமெண்டியில் அவள் வீடு இருக்கும் அதே மாடியில் நாலு வீடு தள்ளி இருக்கும் வைதேகியைக் கூட்டிப் போனாள். தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்துமஸுக்குக் கேக்குமாகப் பதினைந்து வருடப் பழக்கம். தேர்வு அறையில் வைதேகியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்ததும், அந்த இடத்தில் காசு அளவுக்கு வெளுத்திருந்தது. கிளாரிசா பதறிப்போனாள். “ஐயோ வைதேகி, இது வெண்குஷ்டம் மாதிரி இருக்கே!” என்றாள்.

வைதேகி படுத்தபடியே அழ ஆரம்பித்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். கடைசியில் அது ஒன்றுமில்லை, பொட்டின் பசை ஒத்துக்கொள்ளாமல் வெளுத்திருக்கிறது, பொட்டை நிறுத்துங்கள் என்று தோல் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் வைதேகி இரண்டு வாரம் தூங்கவில்லை. அதன் பிறகு முறுக்கும் வரவில்லை, லிஃப்டில் பார்த்தால் பேச்சும் இல்லை.

திவ்யதர்ஷினி அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: “அக்கா, நாம டாக்டர் இல்ல லா. நோய் பேரு நம்ம வாயில வரவே கூடாது. இதுதான்னும் சொல்லக் கூடாது, இது இல்லன்னும் சொல்லக் கூடாது. ‘இந்த எடத்துல ஒரு மாற்றம் தெரியுது, டாக்டர்கிட்ட காட்டுங்க.’ அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் அந்தப் பகுதிக்கு ஸீரோ. ஒரு பகுதி ஸீரோன்னா மொத்தமும் ஃபெயில்.”

அந்த ஒரே வாக்கியத்தைக் கிளாரிசா ரயிலில் முணுமுணுத்தாள், தட்டு எடுக்கும்போது முணுமுணுத்தாள், ஜெபமாலையின் நடுவிலும் அது வந்து புகுந்துகொண்டது. அடுத்த தேர்வு ஜூன் கடைசிச் சனிக்கிழமை. அதை விட்டால் ஆறு மாதம் கழித்து.

வைதேகி இல்லாததால் ஆளுக்கு எங்கே போவது? வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

லியோனலுக்கு ஐம்பது வயது. அதே விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், பேச்சு குறைவு. எதைச் சொன்னாலும் “சரி சரி” என்பார். ஒரு தடவை “சரி” என்றால் செய்வார், இரண்டு தடவை “சரி சரி” என்றால் செய்ய மாட்டார் என்பதைக் கண்டுபிடிக்கக் கிளாரிசாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆனது. பல் டாக்டர், கண்ணாடி, வருடாந்தரப் பரிசோதனை எல்லாமே “சரி சரி” கணக்கில் கிடந்தன.

அவரிடம் அவளுக்கு ஒரே ஒரு குறை, கழுத்து. கழுத்தைச் சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்பது அவள் எட்டு வருடமாகப் படித்துவந்த பாட்டு. பின்கழுத்திலும் இரண்டு பக்க மடிப்பிலும் கறுகறுவென்று படிந்திருக்கும். பீர்க்கங்காய் நார் வாங்கி வந்து குளியலறையில் தொங்கவிட்டாள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள். கடலைமாவு கலந்து கொடுத்தாள். அவரும் தோல் எரிய எரியத் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. தேய்ப்பதாகப் பொய் சொல்கிறார் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அவளுடைய தம்பி மகளின் ஞானஸ்நான விருந்தில், குடும்பம் முழுவதும் போட்டோவுக்கு நின்றது. லியோனல் குனிந்து குழந்தையை வாங்கியபோது, “இங்க பாருங்க, இவர் கழுத்துல கீரை வெதைக்கலாம்!” என்று அவள் உரக்கச் சொன்னாள். நாற்பது பேர் சிரித்தார்கள். லியோனலும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் வெளியே வந்ததில்லை. சிங்கப்பூர் வெயிலில், பஸ் நிறுத்தத்தில், கழுத்தை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வியர்த்து ஒழுக நிற்பார். ‘என்ன பழக்கமோ’ என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வகுப்பில் கழுத்தைப் பற்றியும் ஒரு பக்கம் வந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கழுத்து, மடிப்பில் லேசான தவிட்டு நிறம். கிளாரிசா நோட்டில் எழுதினாள்: ‘கழுத்து மடிப்பில் தடித்து, வெல்வெட் துணிபோல. சுற்றிச் சிறு மருக்கள். அழுக்கு இல்லை. தேய்க்கக் கூடாது. சர்க்கரை நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம். டாக்டர்.’ அடிக்கோடும் போட்டாள். அன்று வீட்டுக்குப் போய், “கழுத்தத் தேய்ச்சுக் குளிங்க, பரீட்சை அன்னிக்கு மார்க் போட வர்ற மேடம் முன்னாடி என் மானத்த வாங்காதீங்க” என்று லியோனலிடம் சொன்னதும் அவளேதான். படித்தது ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. தேர்வு எடுக்க வந்தவர் ரஷீதா. வெள்ளை முக்காடு, கையில் மதிப்பெண் அட்டை. முப்பது வருடமாகத் தொழிலில் இருப்பவர், தமிழ் முஸ்லிம். வாடிக்கையாளருக்கு எந்த மொழி வசதியோ அதிலேயே பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

லியோனல் கட்டிலில் விறைப்பாகப் படுத்தார். முடி முகத்தில் விழாமலிருக்கக் கிளாரிசா அவர் நெற்றியில் துணிப்பட்டையைக் கட்டினாள். தேர்வு விதிப்படி வாடிக்கையாளரைச் ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும்.

“சார், மேல் பட்டனத் திறக்கிறீங்களா?”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மனைவி வாயால் ‘சார்’ கேட்டதில் லியோனலுக்கு வாயோரம் துடித்தது. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. பொத்தானில் கை வைத்தார், எடுத்தார். பிறகு ஒன்றே ஒன்றைத் திறந்தார்.

“இன்னும் ரெண்டு, சார்.”

திறந்துவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொண்டார். கிளாரிசா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒருகணம் முழங்கால்கள் நன்றி சொல்வதைக் கேட்டாள். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துப் போட்டாள்.

நெற்றி, மூக்கு, கன்னம். எண்ணெய்ப் பசை, மூக்கில் கரும்புள்ளி, கன்னத்தில் வெயில் பட்ட கறுப்பு. வாய் சொல்லச் சொல்லக் கை படிவத்தில் குறித்தது. எல்லாம் ஒழுங்காகப் போனது. ரஷீதா தலையை ஆட்டி ஆட்டி மதிப்பெண் போட்டார். பிறகு கிளாரிசா பஞ்சில் அழுக்கு நீக்கும் கிளென்சிங் பாலைத் தோய்த்துக் கழுத்து மடிப்பில் வைத்து மெதுவாக இழுத்தாள்.

பஞ்சு வெள்ளையாக வந்தது.

சரியாகப் படவில்லை என்று நினைத்து இன்னொரு பஞ்சை எடுத்தாள். கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். அதுவும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. விளக்கின் கீழே அந்தக் கறுப்பு அசையாமல் அப்படியே இருந்தது. தடித்து, வெல்வெட்போல. ஓரத்தில் மிளகு அளவில் ஐந்தாறு மருக்கள். நோட்டில் அவள் கையால் எழுதி அடிக்கோடு போட்ட அத்தனையும், வரிசை மாறாமல், அவளுடைய புருஷன் கழுத்தில் இருந்தன. எட்டு வருடம் நார் போட்டுத் தேய்த்த கழுத்து. அதில் அழுக்கு என்று ஒரு பொட்டுகூட இல்லை.

கை நின்றுவிட்டது. ரஷீதா என்னவென்று பார்க்கக் கிட்டே வந்து குனிந்தார்.

லியோனல் அவசரமாகச் சட்டையை இழுத்து மூடப் பார்த்தார். “சாரி மேடம்” என்றார் தாழ்ந்த குரலில். “நான்தான் ஒழுங்காத் தேய்ச்சுக் குளிக்கிறதில்ல. இவ மேல தப்பில்ல. இவ டெய்லி சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா.”

இல்லாத அழுக்குக்கு இந்த மனிதர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறார். கிளாரிசாவைக் காப்பாற்றுவதற்காக.

மனப்பாடம் செய்த வாக்கியம் தானாக வெளியே வந்தது. “சார், உங்க கழுத்துல ஒரு மாற்றம் தெரியுது. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“சரி சரி” என்றார் லியோனல்.

ரஷீதா அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் போடப் பேனாவை இறக்கினார். இன்னும் மசாஜும் மாஸ்க்கும்தான் பாக்கி. அவை கிளாரிசாவுக்குத் தூக்கத்திலும் வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஸ்டூல் அவளுடையது. வீட்டுக்குப் போனதும் சொல்லிக்கொள்ளலாம், ஒரு மணி நேரம்தான். இதெல்லாம் அவளுக்கும் தெரியாமலில்லை. மூட்டுவலிக்காரிக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டாம்.

லியோனலின் விரல்கள் மேல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன.

“அத விடுங்க” என்றாள். ‘சார்’ போய்விட்டது. “மூடாதீங்க. அது அழுக்கு இல்லங்க.”

ரஷீதாவின் பேனா நின்றது.

“அழுக்கே இல்ல. இந்தப் பஞ்சப் பாருங்க. எட்டு வருஷமா நான் சொன்னதெல்லாம் தப்பு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சர்க்கரை இருந்தா இப்படி வரும். நாளைக்கு ஞாயித்துக்கிழம, திங்கக்கிழம நீங்க என்கூட பாலிகிளினிக் வரீங்க. ரத்தம் குடுக்கிறீங்க.” பஞ்சை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “‘சரி சரி’ன்னு சொல்லாதீங்க.”

லியோனல் தலையைத் திருப்பி அவள் கையிலிருந்த பஞ்சை நெடுநேரம் பார்த்தார்.

“சரி” என்றார்.

கிளாரிசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையுறையை மாற்றிக்கொண்டு, மிச்ச வேலையை முடித்தாள். கழுத்தில் ஸ்கிரப் போடாமல் மாய்ஸ்சரைசர் மட்டும் தடவினாள். மாஸ்க் காய்வதற்குள் லியோனல் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

ரஷீதா அவளை வாசலுக்கு வெளியே கூப்பிட்டார். “உங்க கை ரொம்ப நல்ல கை. பாத்ததும் சரி, தேய்க்காம விட்டதும் சரி. ஆனா அந்த எடத்துல நான் ஸீரோதான் போட முடியும். இன்னிக்கு உங்களுக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தி வேற ஒரு வைதேகிய அழ வைப்பா.” பழைய அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் போலும்.

“தெரியும் மேடம்.”

“வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே ம்மா?”

கிளாரிசா சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் அழுக்குன்னு சொன்னது வீட்ல இல்லையே மேடம். நாப்பது பேர் முன்னாடி சொன்னேன்.”

ரஷீதா அவள் தோளில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் பாலிகிளினிக் போனார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டு புள்ளி ஒன்பது, ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். இரண்டு மூன்று வருடமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். நல்லவேளை, கண்ணும் சிறுநீரகமும் இன்னும் கெடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். கழுத்தைப் பார்த்துவிட்டு, “யாரு கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். லியோனல் மனைவியைக் கைகாட்டினார். கிளாரிசாவுக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அன்று மாலையே குளியலறையில் தொங்கிய பீர்க்கங்காய் நாரை எடுத்துக் குப்பைக் குழாயில் போட்டாள். அது எட்டு மாடி இறங்கும் சத்தத்தை நின்று கேட்டாள்.

ஜூலையில் லீலா வேறு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தாள். “டிசம்பர்ல பாஸாயிட்டு வாங்கக்கா, பாக்கலாம்” என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று கிளாரிசாவுக்குத் தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓய்வறையில் முதல் தட்டை எடுத்தபோது முழங்கால் சுரீர் என்றது. இன்னும் ஆறு மாதம். அவளுக்கு அலுப்பாக இருந்தது, பொய் சொல்வானேன், அழுகையும் வந்தது. தோற்றதற்காகவா, எட்டு வருடத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டு நின்றாள். தம்பி வீட்டாரும் அன்று வருவதாக இருந்தது. லியோனல் அறையிலிருந்து இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். மேல் பொத்தான் திறந்திருந்தது, அதற்கு அடுத்ததும் திறந்திருந்தது. பின்கழுத்தின் கறுப்பு காலருக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

பழக்க தோஷத்தில் கிளாரிசாவின் கை அவருடைய காலருக்குப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும்” என்றார். “அழுக்கு இல்லன்னு நீதான சொன்ன.”